கிணத்தடிக் கொடியும் ஒரு கைப்பிடி உப்பும்

அன்பு மகள் ஸ்மரந்தாவுக்கு அம்மா எழுதுறது. மரியன்னை புண்ணியத்துல இங்க நானும் உங்க அப்பாவும் கோழிங்களும் சுகம், கிணத்தடித் திராட்சைக் கொடியும் சுகம், அது சுகமாகறதுக்குள்ள என் உசிரு போய் வந்துச்சு. ஜெர்மனிக் குளிர்ல நீ காதை மூடிக்கிட்டுத்தான் போறியா?

நோயே அண்டாத அந்தக் கொடியோட இலை உன் ஆராய்ச்சிக்கு உசிரோட வேணும்னு கேட்டே. வழியில வாடிடுமேன்னு, கறியும் அரிசியும் வெச்சு சர்மாலே சுத்துறதுக்குப் போடுற மாதிரியே உப்புத் தண்ணியில ஊறப்போட்டு ஜெர்மனிக்குப் பொட்டலம் கொண்டுபோற வேன்காரர்கிட்ட குடுத்தேன். இலையில ஒரு செல்கூட உசிரோட இல்லேன்னு நீ போன்ல கத்தினதும் உங்க அப்பாவுக்கு ஒரே சிரிப்பு, உங்க அம்மா கையில சிக்கினா எது பிழைக்கும்னாரு. செல்லோட சுவரை உரிச்சு அம்மணமா நிக்கவெச்சு, நோயோட விஷத்தை ஊத்தி எது தாங்குதுன்னு பாக்கறவ நீ, உப்புப் போட்ட நான் கொலைகாரியாக்கும்!

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிக்கல. மத்த கொடிக்கெல்லாம் நோய் வராம மயில்துத்தம் அடிச்சுட்டு வந்த மனுஷன், மிச்சத்தைக் கிணத்தடிக் கொடி மேல பீய்ச்சி டப்பாவைக் கழுவுறாரு. என்னங்க இதுன்னா, எப்பவும் இங்கதானே கழுவுறேன்னாரு. அடப் பாவி மனுஷா, நோயே வராத கொடின்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சது இதை வெச்சுத்தானா? உன் ஆராய்ச்சி மொத்தமும் அது மேல நிக்குதேன்னு டப்பாவைப் பிடுங்கிட்டேன். அப்புறம் துளிர்த்த இலையில ஒரு சொட்டு மருந்து படவிடல, காவல் காத்தேன்.

மழை பெஞ்சுது, இலையில நோய்ப் புள்ளி வந்துடுச்சு. பக்கத்து வீட்டு ஹரலாம்பி வேலி வழியா எட்டிப்பாத்து, உங்க மகாராணிக்கும் அம்மை போட்டிருச்சான்னு கேட்டாரு. அவ்வளவுதான், அப்பா தின்னுக்கிட்டிருந்த மாமலிகாக் களியைப் பாதியில வெச்சுட்டு ரம்பத்தைத் தூக்கிட்டாரு. நான் கொடியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டேன். நோய் தொட்ட செல் தானே செத்து மத்ததுக்குக் கதவைச் சாத்திடும்னு நீ சொல்லுவியே, அதைச் சொல்லி அடுத்த மழை வரைக்கும் பொறுங்கன்னு கெஞ்சினேன். அந்த மழையும் வந்து போச்சு. மருந்தடிக்கச் சோம்பின ஹரலாம்பி தோட்டம் மொட்டையா நிக்குது. நம்ம கொடியில புள்ளி பரவாம புள்ளியாவே காஞ்சுபோச்சு, இலையைத் திருப்பினா அடியில அந்த நோயோட வெள்ளைப் பூஞ்சையே இல்ல. அப்பா கிணத்து மேடையில உக்காந்து அழுதாரு, கேட்டா கண்ணுல தூசியாம்.

இந்தத் தடவை ஈரத்துணியில சுத்தி அனுப்புறேன், உப்பு ஜாடியை அவர் எங்கயோ ஒளிச்சுட்டாரு. வேன் வந்ததும் ஓடிப்போய் வாங்கிக்க. வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன்னையும் உன் அம்மண செல்லுங்களையும் காப்பாத்தட்டும். ஒருவேளை அதுங்க விஷத்தைத் தாங்கலேன்னா எனக்கு மட்டும் சொல்லு, மறுபடியும் உப்புல போட்டுட்டேன்னு நான் உங்க அப்பாகிட்ட சொல்லிக்கிறேன்.

முத்தங்களோட,
உன் அம்மா பரஸ்கோவியா