மூன்றாவது டிரம்

தென்காசி,
29.07.2025, செவ்வாய்.

அன்புள்ள அத்தானுக்கு,

இலஞ்சிக் கோயில் குமாரன் உங்களை அங்கே ஒரு குறையுமில்லாமல் வைத்திருப்பான் என்று நம்பி எழுதுகிறேன். நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. பயமாக இருக்கிறது அத்தான். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நம் வீட்டுக்கும் உலகம்மாள் சித்தி வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர். நான் இங்கே தும்மினால் சித்தி அங்கிருந்தே "ஏட்டி, ஆவி பிடி" என்று குரல் கொடுப்பாள். இந்த விஷயம் அந்தச் சுவரைத் தாண்டக் கூடாது. மெசேஜ் அனுப்பலாம் என்றால் உங்கள் அறையில் ஆறு பேர், போன் யார் கையில் இருக்குமோ தெரியாது. லீவில் வந்திருக்கும் உங்கள் கடையநல்லூர் சிநேகிதர் உவைஸ் வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உறையை நீங்கள் மட்டும் பிரியுங்கள்.

முதலில் என் கை. போன மாதம் வீடியோவில் பார்த்துவிட்டு விரலில் என்ன என்று கேட்டீர்கள். தண்ணீரில் கிடந்து வந்த புண் என்றேன். அது ஆறவே இல்லை. விரல் கணுக்களில் சின்னச் சின்னக் குழியாக விழுந்துவிட்டது. சனிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். என் நகத்து மஞ்சளைப் பார்த்ததுமே என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். துணிப்பைகளில் ஸ்கிரீன் பிரிண்டிங் என்றேன். பிரேமில் பூசும் பசையில் ஆரஞ்சு நிறப் பொடி கலப்பீர்களா என்றார். ஆமாம், பைக்ரோமேட் என்றேன். கையுறை இல்லாமல் அதைத் தொடவே கூடாது, உள்ளே போனால் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்றார். ஆறு வருடமாக அதை வெறும் விரலால் கலக்கியிருக்கிறேன். கடைக்காரனும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. உங்கள் மேல் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன்.

பிறகு, பிரேம் கழுவிய தண்ணீரை எங்கே விடுகிறீர்கள் என்று கேட்டார். எனக்குப் பெருமை பொங்கிவிட்டது. மற்றவர்களைப் போல் நாங்கள் சாக்கடையில் விடுவதில்லை, என் வீட்டுக்காரர் வெளிநாடு போகும் முன் மூன்று டிரம் வைத்து வடிகட்டி செய்து கொடுத்திருக்கிறார் என்று விளக்கமே சொன்னேன். முதல் டிரம்மில் மை அடியில் தங்கும், இரண்டாவதில் ஜல்லியும் மணலும் கரியும், மூன்றாவதில் தெளிந்த தண்ணீர் என்று. டாக்டரம்மா முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "உப்புத் தண்ணிய எத்தன தடவ வடிகட்டினாலும் உப்பு போகுமாம்மா?" மை மண்ணைப் போல நின்றுவிடும், இந்தப் பொடி உப்பைப் போலக் கரைந்து கூடவே வந்துவிடும் என்றார். சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது என் கை எனக்கு நினைவில் இல்லை. சித்தியின் கீரைப்பாத்திதான் கண்முன் நின்றது.

இதை நான் உங்களிடம் சொன்னதில்லை. சித்திரை வெயிலில் குழாயில் தண்ணீர் வராமல் சித்தியின் கீரை வாடிப்போய்க் கிடந்தது. காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்த்தவள், மூன்றாவது டிரம்மைக் காட்டி, இவ்வளவு நல்ல தண்ணீரை வீணாகச் சாக்கடையில் விடுகிறாயே என்றாள். நானேதான் காம்பவுண்டில் ஓட்டை போட்டு, டியூபைச் சொருகி, அந்தப் பக்கம் விட்டுக் கொடுத்தேன். லேசாக மஞ்சளாக இருக்கிறதே என்று ஒருநாள் கேட்டாள். மஞ்சப்பை அடிக்கிற வீட்டில் தண்ணீர் மஞ்சளாக இல்லாமல் நீலமாகவா இருக்கும் என்று சிரித்தேன். "மஞ்சத்தண்ணி நல்லதுதாம்ட்டி, பூச்சி அண்டாது" என்று அவளும் சிரித்தாள். மஞ்சள் என்றதும் நல்லது என்றே நினைத்துப் பழகிய புத்தி. நம் முற்றத்தில் எந்தப் பையை நாம் தண்ணீரில் நனைத்தோம்? சாயம் போட்டுத்தானே துணி வருகிறது? பிறகு தண்ணீரில் மஞ்சள் எங்கிருந்து வரும்? தினமும் அந்தப் பொடியைக் கரைக்கிற எனக்கு அதன் நிறம் தெரியாதா? தெரியும். ஆனால் தோன்றவில்லை.

அந்தக் கீரையை யார் சாப்பிடுகிறார்கள் தெரியுமா? ஸ்ரீதேவி. வாந்தி நிற்கவில்லை என்று ஐந்தாம் மாதமே ஆலங்குளத்து மாமியார் வீட்டிலிருந்து கூட்டிவந்துவிட்டார்கள் என்று சொன்னேனே. இப்போது ஏழு முடிந்து எட்டு நடக்கிறது. ரத்தம் குறைவு, தினமும் கீரை கொடுங்கள் என்று நர்ஸ் சொன்னதால் சித்தி தன் மகளுக்கு ஒரு வேளைகூட விடாமல் ஊட்டுகிறாள். ஒரு கிண்ணம் எனக்கும் வரும். நானும் தின்றிருக்கிறேன், என் பங்கைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். சனிக்கிழமையிலிருந்து அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவர்கள் வாசல்வரை போய்விட்டு, தயிருக்கு உறை மோர் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். நமக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் அத்தான். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஒன்று ஆகி, அது என் வீட்டுத் தண்ணீரால் என்று தெரிந்தால் தெரு என்ன பேசும்? வயிறு வாய்க்காதவள் வயிற்றெரிச்சலில் செய்தாள் என்று பேசும். இந்த ஒன்பது வருடத்தில் என்னை ஒரு சொல் சொல்லாதவள் சித்தி ஒருத்திதான். ஆவணியில் வளைகாப்பு. முதல் வளையல் பிரியாதான் போடணும், எவ என்ன சொல்லுதான்னு நான் பாக்கேன் என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லியிருக்கிறாள். உங்களை மஸ்கட்டில் ஒரு ஜோடி வளையல் வாங்கி வைக்கச் சொன்னது அதற்குத்தான். வளைகாப்புப் பைகளும் நான்தான் அடித்தேன். "ஸ்ரீதேவி" என்று பெயர் போட்ட பிரேமைக் கழுவிய தண்ணீரும் அதே டியூப் வழியாகத்தான் போனது.

இப்போதைக்கு, பைப் வெடித்துவிட்டது என்று சொல்லி டியூபில் துணியை அடைத்து வைத்திருக்கிறேன். வேலையையும் நிறுத்திவிட்டேன். சிப்ஸ் கடைக்காரர் சீசன் போகிறது, பை எங்கே என்று விரட்டுகிறார். மூன்று டிரம்மும் விளிம்புவரை நிற்கின்றன. கொட்டவும் வழியில்லை. சாரல் நின்றபாடில்லை. பழைய பிளெக்ஸைப் போட்டு மூடிக் கல் வைத்திருக்கிறேன், காற்று தூக்கிவிடுகிறது. நிரம்பி வழிந்துவிடுமோ என்று மணிக்கு ஒருதரம் போய்ப் பார்க்கிறேன். என்ன செய்வது அத்தான்?

31.07.2025, வியாழன்.

கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. நேற்று எல்லாம் உடைந்துவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் ஒரு தந்திரம் தோன்றியது. எதையும் சொல்லாமல் பாத்தி முழுவதையும் விலைக்கு வாங்கிப் பிடுங்கிவிடலாம் என்று போனேன். தெரிந்தவர் கல்யாண வீட்டுக்கு மொத்தமாகக் கீரை வேண்டும் என்றேன். "ஆடியில எவன்ட்டி கல்யாணம் வைக்கான்?" என்று சித்தி சிரித்தாள். நாக்கு குழறி, கல்யாணம் இல்லை, கோயில் அன்னதானம் என்றேன். சாமி பெயரில் பொய் சொன்னேன். அன்னதானம் என்றதும் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவளே உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தாள். கடைசி ஒரு வரிசையை மட்டும் விட்டுவிட்டு, "புள்ளத்தாச்சிக்கு இது கெடக்கட்டும்" என்றாள். அந்த நேரம் பார்த்து ஸ்ரீதேவி தட்டோடு பின்வாசலுக்கு வந்தாள். சோறும் கீரைக்கடைசலும். பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

நான் தட்டைப் பிடுங்கிவிட்டேன் அத்தான். பிள்ளைத்தாச்சி கையிலிருந்து சோற்றுத் தட்டைப் பிடுங்கினேன். சோறு சிதறியது. அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. அதற்குப் பிறகு சொல்லாமல் எப்படி இருக்க முடியும்? பொடி, டிரம், டாக்டரம்மா சொன்னது எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டினேன்.

சித்தி கத்துவாள், தலைமுடியைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். தெரியாமல் தண்ணீர் விட்டதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்றுதான் கேட்டாள்: "ஒனக்கு இது தெரிஞ்சு எத்தன நாளாச்சு?" சனிக்கிழமை என்றேன். விரல் விட்டு எண்ணினாள். "அப்ப நாலு நாளா இவ திங்கதப் பாத்துக்கிட்டுத்தான இருந்திருக்க" என்றாள். அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் விட்டது தெரியாமல். அந்த நாலு நாள் தெரிந்தே.

இன்று காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவர்கள் கூப்பிடாமலே நானும் பைக்ரோமேட் டப்பாவைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். என்ன பொடி என்று டாக்டர் கேட்டால் காட்ட வேண்டுமே. ஸ்கேன் எடுத்தார்கள். பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். வெளியே நின்ற என் காதுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. இந்த மாதிரி விஷம் பெரும்பாலும் கீரையின் வேரிலேயே தங்கும், இலைக்குக் குறைவாகத்தான் ஏறும், அதனால் தைரியமாக இருங்கள், ஆனால் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ரத்தமும் சிறுநீரும் எடுத்து வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு திங்கட்கிழமை வரும்.

டிரம்முக்கு ஒரு வழி கிடைத்தது. என்னோடு படித்த உமா மகேஸ்வரி இப்போது ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாளே, அவளை வரச் சொன்னேன். குற்றாலத்து நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்கிற இரும்பு உப்பு வாங்கிக்கொண்டு, எனக்கும் கையுறை கொண்டுவந்தாள். முதலில் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். அந்த மஞ்சள் அழுக்குப் பச்சையாக மாறியது. பிறகு சுண்ணாம்பு போட்டதும் திரிதிரியாகத் திரண்டு அடியில் உட்கார்ந்தது. இந்தச் சகதியையும் மண்ணில் கொட்டக் கூடாது, மூடி வை, யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டுச் சொல்கிறேன், மேல் தண்ணீரையும் சோதித்துப் பார்க்காமல் திறக்காதே என்றாள். அந்தப் பொடி இல்லாத பசை கடையில் கிடைக்கிறதாம். இத்தனை நாளும் கிடைத்திருக்கிறது. டிரம் வைப்பதற்கு முன் ஐந்து வருடம் நேராகச் சாக்கடையில் விட்டோமே, அது எங்கே போயிருக்கும் என்று அவளிடம் கேட்டேன். சாக்கடை எங்கே போகிறது என்று திருப்பிக் கேட்டாள். சிற்றாற்றுக்கு என்றேன். அவள் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் சித்தி மிச்சமிருந்த ஒரு வரிசையையும் வேரோடு பிடுங்கி, வேரில் ஒட்டிய மண்ணோடு ஒரு சாக்கில் கட்டி, காம்பவுண்டுக்கு மேலே நம் பக்கம் வைத்துவிட்டுப் போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் இப்போது மிக்சி ஓடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. சாரலில் நனைந்து எனக்குச் சளி பிடித்திருக்கிறது. காலையிலிருந்து எத்தனையோ முறை தும்மிவிட்டேன். அந்தப் பக்கமிருந்து ஒரு குரலும் வரவில்லை.

அத்தான், திங்கட்கிழமை நீங்கள் கூப்பிட வேண்டாம். நானே கூப்பிடுகிறேன். சுவர் இருக்கிறது, அவர்கள் காதில் விழ இதை விவரமாகப் பேச எனக்கு வாய் வராது. அந்த வளையலைக் கொடுத்தனுப்புங்கள் என்று மட்டும் சொன்னேன் என்றால், முடிவு நல்லபடியாக வந்துவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள். அதை என் கையால் போடச் சொல்வார்களா, மாட்டார்களா என்பது பிறகு. யார் போட்டால் என்ன, அந்தக் கையில் ஏறினால் போதும். நான் வளையலைப் பற்றிப் பேசாமல் மழையைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ பேசினேன் என்றால், எதுவும் கேட்காமல் லீவு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். என்னால் தனியாக இந்தச் சுவருக்குப் பக்கத்தில் இருக்க முடியாது.

நீங்களும் அங்கே வேலையில் கையுறை போடாமல் எதையும் தொடாதீர்கள். கீழப்பாவூர் நரசிம்மருக்கு நேர்ந்திருக்கிறேன், எனக்காக எதுவும் கேட்கவில்லை. அங்கே இருந்தபடியே நீங்களும் அந்தப் பிள்ளையை வாழ்த்துங்கள். இதுவரை முகம் பார்க்காத பிள்ளைதான். ஆனால் நம்மிடம் இருக்கிற வாழ்த்தையெல்லாம் வேறு யாருக்கு வைத்திருக்கப் போகிறோம்?

திங்கட்கிழமைக்குக் காத்திருக்கும்,
உங்கள் பிரியா.