சுவரின் கீழ்ப்பாதி

உங்கள் ஜெர்மனியிலிருந்து மூன்று பேர் வந்து, நீங்கள் குடியிருந்த அறையின் பின்சுவரை வெளிப்பக்கமாக நின்று படம் பிடித்தார்கள். உங்களைப் பற்றிய படமாம். பெரிய விளக்குகளைப் போட்டதும் சுவர் சூடேறி, செம்மண் வாசனை லேசாக எழுந்தது. அதனால்தான் எழுதத் தோன்றியது சார். அஞ்சாம் வகுப்பு எழுத்துதான். நீங்கள் தமிழ் படிக்கத் தெரியாதவர், பிழை சொல்லமாட்டீர்கள்.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் அந்தச் சுவரில் கறுப்புக் கட்டங்களும் குறுக்கே ஒரு நீலமும் வரைந்தீர்கள்.

"இது என்ன சார், மலையா?"

"இல்லம்மா. நீலம்."

என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சொன்னார்: "ரூமைத்தான வாடகைக்கு வுட்டோம்? சுவத்தையும் சேத்துப் புடிச்சிக்கினாரே."

கீழே இரண்டு முழ உயரத்துக்கு ஒன்றும் வரையாமல் விட்டிருந்தீர்கள். மறு வருஷம் வைத்தியத்துக்கு ஊருக்குப் போனீர்கள். தை பிறந்தது. பொங்கலுக்குச் சுவரடி வெறுமையாக இருக்கலாமா? செம்மண்ணைக் கரைத்து நானே பட்டை பூசிவிட்டேன். மாசியில் நீங்கள் திரும்பி வந்து, காப்பி ஆறும்வரை அதன் எதிரிலேயே நின்றீர்கள். திட்டு விழும் என்றிருந்தேன்.

"யாரு போட்டது?"

"நான்தான் சார். பொங்கலுக்கு."

"இங்க என்ன வரும்னு ஒரு வருஷமா எனக்குத் தெரியல. இனிமே வருஷா வருஷம் நீங்கதான் போடணும்."

உயிரோடு இருந்தவரை நீங்கள் அதன்மேல் பிரஷ் வைக்கவில்லை. நானும் ஒரு தை தவறவிடவில்லை, நீங்கள் போன பிறகும்.

படமெடுக்க வந்த பெரியவர் அந்தச் சிவப்பின் முன் மண்டியிட்டே உட்கார்ந்துவிட்டார். மொழிபெயர்க்க வந்த மெட்ராஸ் பெண் சொன்னாள்: "உங்க சாரு செஞ்சதுலயே இதான் உசத்தியாம் பாட்டி. பத்து வருஷ வெயிலும் மழையும் பட்டாத்தான் இந்த நிறம் வருமாம்."

"அது போன தைக்கு நான் பூசினது."

அவள் சிரித்தாள்.

"சிரிக்காத. அவர்கிட்ட சொல்லு."

சொன்னாள். அவர் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டார். மூவரும் தனியே நின்று பேசினார்கள்.

"இனிமே யாரும் இதைத் தொடக்கூடாதாம் பாட்டி. முழுசா கண்ணாடி போட்டுக் காப்பாத்துறாங்களாம்."

"மேல போட்டுக்கச் சொல்லு. கீழ எனக்கு வேலை இருக்குது."

"போட்டா எல்லாத்துக்கும் போடணுமாம்."

"அப்ப வேணாம். இது என் வீடு."

பிறகு கேமராவை உயர்த்தி, நீலம் வரைக்கும் மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். உங்கள் படத்தில் சுவர் பாதிதான் வரும் சார். மீதிக்கு நான் இருக்கிறேன். இப்போது குனிய முடியவில்லை, பலகை போட்டு உட்கார்ந்துதான் பூசுகிறேன். வருகிற தைக்கு அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து செம்மண் கொண்டுவர ஆள் சொல்லியாகிவிட்டது.