மரத்தைப் பிடிக்காத வேர்

வைகாசி, வெள்ளிக்கிழமை

சாயங்காலம் கடலோரமா நடந்தப்ப பூவரச மரத்துல ஒரு ஆர்க்கிட் பூத்திருந்துச்சு. என்ன வகைன்னு தெரியல. போட்டோ எடுத்து, சிதம்பரத்துல பாட்டனி சொல்லிக்குடுக்கற என் ஃப்ரெண்டு கலாவுக்கு அனுப்பினேன்.

உடனே போன் பண்ணா. "'வாண்டா'ங்கற வகை ஆர்க்கிட்டுடி அது. ஆனா தானா மொளைக்கல. வேர் இன்னும் மரத்தப் புடிக்கவே இல்ல பாரு. யாரோ இப்பதான் கட்டி வச்சிருக்காங்க."

போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தேன். வலை நூலால கட்டியிருந்துச்சு. முடிச்சு இடதுபக்கமாத் திரும்பியிருந்துச்சு.

காத்துல விழுந்த செடியை மறுபடி மரத்துலயே கட்டுறது எங்க அண்ணன் பழக்கம். எங்க குப்பத்துல எடக்கையால முடிச்சுப் போடுறவன் அவன் ஒருத்தன்தான். மூணு வருஷத்துக்கு முன்னாடி கடலுக்குப் போனவன் திரும்பி வரவே இல்ல. உடம்பும் கெடைக்கல.

வீட்டுக்கு வந்ததும் பூ பார்த்ததைச் சொல்லியிருந்தேன். சோறு போடறப்ப அண்ணி கேட்டாங்க, "பூ பேரு தெரிஞ்சுதா?"

"வாண்டாவாம் அண்ணி." முடிச்சைப் பத்திச் சொல்ல வாய் வரல.

வர்ற அமாவாசைக்குத் தாலியைக் கழட்ட அண்ணி சரின்னு சொன்னது இன்னிக்குக் காலையிலதான்.