தொண்ணூற்று மூன்றில் நடந்தவளுக்கு

சாப்பிட்டேன், சாப்பிட்டேன். தூங்கினாயா என்று மட்டும் கேட்காதே. மற்றபடி இங்கே எல்லோருக்கும் உடம்பு சௌகரியம். அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, அதற்கும் நீதான் காரணம், பிறகு சொல்கிறேன். உன் உடம்பும் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் பேசலாமே என்பாய். முடியாது கண்ணு. உன் பக்கம் அறைத்தோழி, என் பக்கம் அப்பா. நடுவில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். காகிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது. எங்கள் கிளினிக் டாக்டரம்மாவின் தங்கை ஞாயிற்றுக்கிழமை நீ இருக்கும் ஊருக்குக் கிளம்புகிறாள். நீ கேட்ட உள்கையுறைகளோடு இதையும் அவளிடம் கொடுக்கிறேன். அடுத்த டெஸ்ட் மேட்ச் தொடங்குவதற்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

முந்தாநாள் போனில் என்ன சொன்னாய்? முழங்கால் வலிக்கிறது, அடுத்த மேட்சில் என்னைச் சேர்க்க வேண்டாம் என்று கோச்சிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றாய். எந்த முழங்கால் என்று கேட்டேன். ஒரு நொடி யோசித்தாய். பிறகு "இடது" என்றாய்.

அந்த ஒரு நொடிதான் என்னைத் தூங்க விடவில்லை.

இரு, வீட்டுக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு வரிசை வராது. நீ ஒன் டவுனில் இறங்கியபோது வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். ஃபாலோ ஆன் ஆகிவிட்டது, இன்னும் இரண்டு நாள் முழுசாக நின்றால்தான் தோற்காமல் தப்பிக்கலாம், இனி என்ன இருக்கிறது என்று அண்ணன் வேலைக்குப் போய்விட்டான். மத்தியானம் திரும்பி வந்தான். தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தானாம். "கட்டை இன்னும் நிக்கிறாளா?" என்று வாசலிலிருந்தே கேட்டான். தெருவில் விளையாடும்போது எல்லாப் பந்தையும் கட்டை போட்டு அவனை அழவைத்தாயே, அந்தப் பெயரை அவன் இன்னும் விடவில்லை. அப்பா கால்மேல் கால் போட்ட நேரத்தில் நீ ஒரு ஃபோர் அடித்தாய். அதோடு போச்சு, அவர் காலை இறக்க அண்ணன் விடவில்லை. மரத்துப்போன காலோடு சாயங்காலம் அவர் எழுந்து நின்ற அழகை நீ பார்த்திருக்க வேண்டும்.

எல்லோரும் ரன்னைப் பார்த்தார்கள். நான் பார்த்தது நீ விட்ட பந்துகளை. மட்டையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, உடம்பை மட்டும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு, பந்து போவதைக் கீப்பர் கைவரை பார்த்துக்கொண்டே இருப்பாய். ஒவ்வொரு பந்தையும். ஏதோ விருந்தாளியை வாசல்வரை கொண்டுபோய் விடுவதுபோல. புதுப்பந்து எடுத்தபோது அந்த உயரமான பெண் போட்ட பந்து உன் முன்கையில் அடித்ததே, நீ தேய்த்துக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த பந்துக்கு நின்றாய். அதைவிடப் பெரிய ஆட்டம் எனக்குத் தெரியாது. நூறு அடித்திருந்தால் அது இன்னும் பெரிதாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எண் எண்தான். ஆனால் இதை நான் அப்போது உன்னிடம் சொல்லவில்லை.

அறுபத்தொன்றில் நீ நின்ற அன்று, ஆட்டம் முடிந்ததும் போன் செய்தாய். அதற்குள் வீடு நிறைந்துவிட்டது. உன் குரல் கேட்டதும் போனை ஆளாளுக்குப் பிடுங்கினார்கள். நாளைக்கு நூறு என்று எழுதிக் கேக் சொல்லியாகிவிட்டது என்றார் பெரியப்பா. அத்தை அழுதாள், ஏன் என்று அவளுக்கே தெரியாது. எதிர்வீட்டு டெய்லர்கூட வாங்கி, நூறு அடித்ததும் மட்டையைக் கேமராவைப் பார்த்துத் தூக்கும்மா, என் கடையில் எல்லோரும் இருப்பார்கள் என்றார். எல்லோருக்கும் ஆங், ஆங் என்றாய். கடைசியில் என் கைக்கு வந்தது. சாப்பிட்டாயா என்றேன். ஆங் என்றாய். அப்புறம் நீ ஒன்றும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். "நல்லாத் தூங்கு, நாளைக்கு நூறு" என்றேன். நானும்தான்.

மறுநாள் நடந்தது உனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். நீ தொண்ணூற்று மூன்றில். எட்டு விக்கெட் போயாகிவிட்டது, இன்னும் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். உன்னைச் சுற்றி நான்கு பேர், எட்டிப் பிடித்தால் உன் சட்டை கையில் வரும் தூரத்தில். ஒவ்வொரு பந்துக்கும் கத்தினார்கள். காலில் பட்டாலும் கத்தல், படாவிட்டாலும் கத்தல். ஸ்பின்னர் போட்ட அந்தப் பந்து திரும்பி, மட்டையைத் தாண்டிக் கீப்பரிடம் போனது. கத்தினார்கள். அம்பயர் அசையவில்லை. இல்லை என்று தலையைக்கூட ஆட்டினார். நீ கையுறையைக் கழற்றிக்கொண்டு நடந்தாய்.

கூடத்தில் அப்பா காலை இறக்கினார்.

முதலில் அண்ணன்தான் கொதித்தான். லூசா இவள், அம்பயரே கொடுக்கவில்லை, இவள் எதற்குப் போகிறாள் என்று ரிமோட்டைச் சோபாவில் எறிந்தான். பெரியப்பாவின் கேக் ஃப்ரிட்ஜில் கிடந்தது. கடைசியில் வந்த இரண்டு பெண்களும் எப்படியோ தட்டித் தடவி நின்றார்கள், மேட்ச் தப்பித்தது, அப்போதும் யாரும் கேக்கைத் தொடவில்லை. மறுநாள் காலையில் காற்று மாறியது. டிவியில், பேப்பரில், எல்லா இடத்திலும் ஒரே பேச்சு. நூறை விட்டாள், நேர்மையை விடவில்லை. மட்டையில் பட்டது தனக்குத் தெரியும், அதனால் தானே வெளியேறினாள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா. அப்பா கேக்கை எடுத்து, மேலே இருந்த ஒன்றையும் பூஜ்யங்களையும் கத்தியால் வழித்துவிட்டு, தெரு முழுக்கக் கொடுத்தார். அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கதை சொல்கிறார். கேஸ் கொண்டுவந்தவர் சிலிண்டரை இறக்கிவைக்காமல் தோளிலேயே வைத்துக்கொண்டு கேட்டார், பாவம். தொண்டை கட்டியது அப்படித்தான்.

எனக்கும் பங்கு வந்தது. நீ படித்த பள்ளியிலிருந்து போன். நேர்மையான பிள்ளையை வளர்ப்பது எப்படி என்று வெள்ளிக்கிழமை வந்து பேச வேண்டுமாம். உடனே சரி என்றேன். பேச ஆசைப்பட்டு இல்லை. அந்தப் போன் முடிய வேண்டும் என்று.

இப்போது நான் சொல்ல வந்தது.

என் வேலை உனக்குத் தெரியும். ஒலி புகாத அந்தச் சின்ன அறையில் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்கிறேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். நடுநடுவே வேண்டுமென்றே ஒரு சத்தமும் கொடுக்காமல் இருப்பேன். அந்த இடைவெளி சிலருக்குத் தாங்காது. அழுத்திவிடுவார்கள். பொய் சொல்கிறவர்கள் இல்லை அவர்கள். நல்லவர்கள். மற்றவரைக் காக்கவைக்கிறோமோ என்று பயப்படுகிறவர்கள். இத்தனை வருஷத்தில் எனக்கு அந்த முகம் பழகிவிட்டது. நிஜமாகக் கேட்டவருக்கு முதலில் கண் நிற்கும், பிறகு விரல் அசையும். கேட்காமல் அழுத்துகிறவருக்கு விரல் முந்திக்கொள்ளும். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பார், சரிதானே என்பதுபோல.

நேற்று உன் வயதில் ஒரு பெண் வந்தாள், வேலைக்குச் சேரச் சான்றிதழ் வேண்டும் என்று. இடைவெளியில் அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். கதவைத் திறந்து, சத்தம் கேட்டதா என்றேன். கேட்ட மாதிரி இருந்தது என்றாள். பிறகு சொன்னாள்: "அழுத்தினா சீக்கிரம் விட்டுடுவீங்கன்னு நெனச்சேன் மேடம்." அவள் காதில் ஒரு குறையும் இல்லை.

பந்து மட்டையில் பட்டிருந்தால் நீ பின்னால் திரும்பிக் கீப்பரைப் பார்த்திருப்பாய். இத்தனை வருஷம் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் பார்த்திருக்கிறாய். இந்தத் தடவை நீ திரும்பவில்லை. நேராக அம்பயரைப் பார்த்தாய். அவர் இல்லை என்றார். உன் முகத்தில் ஒரு ஏமாற்றம் வந்தது. அதற்குப் பிறகுதான் கை கையுறைக்குப் போனது.

படவில்லை, இல்லையா?

நான் தப்பாக இருக்கலாம். பக்கத்தில் நின்று பார்த்தவள் இல்லை நான். அந்தத் தொடரில் சத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும் கருவியும் வைக்கவில்லையாம். அண்ணன் அந்தப் பந்தை மட்டும் போனில் பிடித்து வைத்துக்கொண்டு கிளினிக்குக்கே வந்துவிட்டான். உன் மெஷினில் போட்டுக் கேளும்மா, டிக் என்று கேட்கும், லூசு என்கிறவன் வாயை அடைத்துவிடலாம் என்றான். முதலில் லூசு என்றவனே அவன்தான். என் மெஷின் சத்தத்தைக் கொடுக்கும், கேட்காது என்று சொல்லி அனுப்பினேன். பயமும்தான். எனக்குத் தெரிந்ததை அவனும் பார்த்துவிடுவானோ என்று.

உனக்கு ஏழு வயது. அண்ணன் கூடத்தில் பந்தை அடித்து டிவி முகத்தில் விரிசல் விழுந்தது. அப்பா போட்ட கத்தலில் சுவர் அதிர்ந்தது. நீ அப்போது குளித்துக்கொண்டிருந்தாய். தலையெல்லாம் சோப்பு நுரை, துண்டைச் சுற்றிக்கொண்டு ஈரக்காலோடு வந்து, "நான்தான் அடிச்சேன்" என்றாய். எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கத்தல் நின்றது. எங்கள் தங்கம், அண்ணனுக்காகப் பழியை ஏற்கிறது என்று அத்தை உன்னைத் தூக்கிக்கொண்டாள், அவள் புடவையெல்லாம் நுரை. நுரையோடு நீ சிரிக்கவில்லை. கூடத்தில் சத்தம் அடங்கிவிட்டதா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு அது இப்போதுதான் புரிகிறது. அண்ணனுக்காக இல்லை. சத்தம் நிற்பதற்காக.

இந்தத் தடவை கத்தியது சுற்றி நின்ற அந்த நாலு பேர் மட்டும் இல்லை. நாங்களும்தான். கேக்கோடு.

இதை நீ யாரிடமும் ஒப்புக்கொள்ள வேண்டாம். அங்கே நேர்மைக்கென்று ஏதோ கேடயம் தருகிறார்களாம், வாங்கிக்கொள், நன்றி சொல், இறங்கு. நீ யாரையும் ஏமாற்றவில்லை. யாருக்கும் நஷ்டமில்லை, உன்னைத் தவிர. ஆனால் முழங்கால் விஷயத்தில் எனக்குச் சம்மதமில்லை. அது இரண்டாவது முறை. இரண்டாவதாக அழுத்தும்போதுதான் நான் கதவைத் திறப்பது வழக்கம்.

விளையாடப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல். களைத்துவிட்டேன், என்னை விடுங்கள் என்று சொல். டிக்கெட் போட்டு வா, ஏன் வந்தாய் என்று இந்த வீட்டில் ஒருவரும் கேட்க மாட்டார்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். முழங்கால் என்று மட்டும் சொல்லாதே. இல்லை, விளையாடத்தான் போகிறாய் என்றால் நில். கத்தட்டும். கத்துவது அவர்கள் வேலை. அவுட் என்றால் விரலைத் தூக்குவதற்கு அங்கே ஒரு ஆள் நிற்கிறார், அந்த வேலையை அவரே பார்க்கட்டும், நீ இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. பூஜ்யத்தில் அவுட் ஆனாலும் இந்த வீட்டில் டீ அதே ருசியாகத்தான் இருக்கும். அப்பா கொஞ்ச நாள் பேசாமல் இருப்பார், அவர் தொண்டைக்கும் நல்லது.

நான் சொல்வது முழுக்கத் தப்பு என்றால் கிழித்துப் போட்டுவிட்டு, அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று சிரி. சரி என்றாலும் பதில் எழுத வேண்டாம். போன் செய்யும்போது பேசாமல் இரு. இந்த முறை நானும் பேசாமல் இருப்பேன். வேண்டுமென்கிற மட்டும் இருக்கலாம்.

உள்கையுறைகளைச் சுடுதண்ணீரில் போடாதே, சுருங்கிவிடும். முன்கையில் அடிபட்ட இடத்தை யாரிடமாவது காட்டு, வலி என்றால் அதுதான் வலி. நேரத்துக்குச் சாப்பிடு. எங்கே நின்றாலும், எப்போது திரும்பி நடந்தாலும், உன் கால் உன் பேச்சைக் கேட்கட்டும். நன்றாக இரு என் கண்ணே.

அம்மா

உறையை ஒட்டிய பிறகு அதன் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இப்போதுதான் பள்ளிக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமை நான் வரவில்லை என்று சொன்னேன். உடம்பு சரியில்லையா மேடம் என்று அவர்களே கேட்டார்கள். ஆமாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவர்கள் அடுத்துப் பேசும்வரை காத்திருந்தேன்.