அண்ணன் தொடையில் வந்த கட்டி

அன்புள்ள வாலுவின் அப்பாவுக்கு,

நானும் நம் வாலுவும் நலம். அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. வாய் மட்டும் ஓயவில்லை. அவள் பக்கத்திலேயே நிற்பதால் போனில் பேச முடியாததை எழுதுகிறேன்.

அண்ணன் தொடையில் இருந்த கட்டியை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். மரம் இழைக்கும்போது பலகையை அதன்மேல் சாய்த்து, "கடவுள் குடுத்த முட்டுக்கட்டை" என்று சிரிப்பாரே, அதுதான். வலி கிடையாது. தெருமுனை டாக்டர் கொழுப்புக் கட்டி என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார். எடுத்ததைக் குப்பையில் போட்டுவிட்டார். சோதனைக்கு அனுப்பச் சொல்லி எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

புண் ஆறி முடிவதற்குள் அதே இடத்தில் மறுபடி தலைதூக்கியது. பெரிய மருத்துவமனையில் ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். லேப் டாக்டரம்மா அண்ணியை உட்காரவைத்துச் சொன்னாராம்: சாதாரணக் கொழுப்புக் கட்டி தோலுக்கடியில் மெத்தென்று இருக்கும், விரல் வைத்தால் நழுவும், வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். இது அப்படியில்லை, சதையில் வரும் புற்றுநோய்; ஆழத்தில், கல் மாதிரி, வேகமாக வளர்ந்திருக்கிறது. "மொதல்ல எடுத்த துண்டு கெடச்சிருந்தா அப்பவே சொல்லியிருப்பேம்மா" என்றாராம். அண்ணி அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நேற்று ஆபரேஷன் முடிந்தது. தொடைச் சதையில் பாதி போய்விட்டது. கால் தப்பியது, ஆனால் இனி குந்தி உட்கார முடியாது. கண் விழித்ததும் அண்ணன் கேட்டது, பாதியில் நிற்கும் கதவை யார் முடிப்பார்கள் என்பதைத்தான். நெஞ்சு ஸ்கேனில் நோய் பரவிய புள்ளிகள் தெரிவதை அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

இப்போது உங்கள் முதுகுக் கட்டி. நீங்கள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது அது என் சுண்டுவிரல் நுனி அளவு இருந்தது. போன வாரம், கிரேன் சீட்டில் சாய்ந்தால் உறுத்துகிறது என்றீர்கள். அறை நண்பர் முட்டை அளவு என்கிறாராம். "உன் சமையல் இல்லாமயே வளருது பாரு" என்று நீங்கள் சொன்னதும் நானும் சிரித்தேன். அண்ணனுக்கு ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் அது.

பெரும்பாலான கட்டிகள் ஒன்றும் செய்யாதவை என்று டாக்டரம்மாவும் சொன்னாராம். அதைப் பிடித்துக்கொண்டுதான் அடுப்படி வேலையைச் செய்கிறேன். ஆனால் உங்கள் முகாம் கம்பவுண்டர் கீறி எடுத்துவிடுகிறேன் என்றாராமே, அவரைக் கை வைக்க விடாதீர்கள். முதலில் ஸ்கேன், பிறகு ஊசிச் சோதனை. எதை எடுத்தாலும் அது லேபுக்குப் போக வேண்டும்.

லீவு தராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வாருங்கள். வெறுங்கையோடு வந்தாலும் போதும். போனில் மட்டும் "ஒண்ணுமில்லடி" என்று சொல்லிவிடாதீர்கள். அண்ணனும் அண்ணியிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

உங்கள் வழி பார்த்திருக்கும்
மனைவி