நீர் நீட்டாத பதிவேடு

வே,

இன்றைக்குக் காலையில் வாசிப்பறைக் கதவைத் திறந்ததும் சேற்று வாடை முகத்தில் அடித்தது. நேற்று பிசானப் பருவ நெல் நடவு முடித்த கையோடு பெண்கள் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கால் துடைத்த சாக்கு வாசலில் ஈரமாகக் கிடந்தது. பழைய தாளின் வாடையும் வயல் சேற்றின் வாடையும் கலந்தால் ஒரு மணம் வருமே, அது உமக்குத் தெரியும். முதல்முறை அதை மோந்தபோது நான் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "என்னவே, இது லைப்ரரியா தொழுவமா?" என்று கேட்டேன். நீர் கோபப்படவில்லை. "ரெண்டுலயும் தீவனந்தானே வே வைக்கோம்" என்று சொல்லிச் சிரித்தீர். இன்றைக்கு அந்த மணத்துக்குள் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். சாக்கை வெயிலில் உதறிப் போட மனம் வரவில்லை.

நீர் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உம்மிடம் சொல்ல வேண்டிய சங்கதிகள் நிறையச் சேர்ந்து கிடக்கின்றன. அதில் ஒன்று எனக்கு வெட்கக்கேடானது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நாம் இருவரும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். எனக்கு டவுனில் பெரிய நூலகம் வாய்த்தது. உமக்குக் கிடைத்ததோ, சீவலப்பேரி போகிற டவுன் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்தால் வருகிற இந்த ஊர்ப்புற நூலகம். ஒற்றை அறை, இரண்டு மின்விசிறி, பின்னால் ஒரு வேப்பமரம். மாதக் கூட்டம் முடிந்து ஜங்ஷனில் டீ குடிக்கும்போது நமக்குள் ஒரே சண்டைதான் நடக்கும். "இனிமே புஸ்தகத்தைத் தேடி ஆளு வரமாட்டான் வே. புஸ்தகம் ஃபோனுக்குள்ள போயி ஆளைத் தேடிக்கிடும். நாம ரெண்டு பேரும் வீட்ல உக்கார வேண்டியதுதான்" என்பேன் நான். புத்தக விவர அட்டைகள் இருந்த பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கணினிப் பட்டியல் ஏற்றியவன் நான். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போதும் இருக்கிறது, மறைப்பானேன்.

நீர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பீர். "எல்லாம் ஃபோன்ல இருக்குவே. இல்லங்கல. ஆனா அதுகிட்டயே போயி 'இது நெசமா'ன்னு கேட்டுப் பாரும். இன்னும் பத்தைக் காட்டும்." இவ்வளவுதான் உம்ம வாதம். நான் பத்து நிமிஷம் பேசியதற்கு நீர் ஒரு வாய் டீக்குள் பதில் சொல்லிவிடுவீர். எனக்கு எரிச்சலாக வரும்.

உம்ம நூலகத்துக்குக் கணினி வந்தபோது அதை மாட்டிக் கொடுக்க நான் வந்தேனே, அந்த மத்தியானம் இன்னும் அப்படியே கண்ணில் இருக்கிறது. உம்ம மேஜையைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள். ஒருத்தர் கையிலும் புத்தகம் இல்லை. ஒருத்தி பூச்சிமருந்து டப்பா வைத்திருந்தாள். இன்னொருத்தி மகளின் கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தை மடியில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். வேறொருத்தி ஃபோனை நீட்டி, "இதுல என்ன பேசுதான்னு வெளங்கல அண்ணாச்சி" என்றாள். நீர் எதையும் வாங்கிப் படித்துச் சொல்லிவிடவில்லை. எழுத்தின் மேல் விரலை ஓட்டி, அவர்களையும் குனிந்து பார்க்க வைத்து, பைய பையச் சொன்னீர். பக்கத்தில், அன்றைக்குக் கணினியை எதன் மேல் வைப்பது என்ற கவலையில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அவர்கள் போன பிறகு வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். அன்றைய தேதியில் மூன்றே கையெழுத்து. ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார், மற்ற இருவரும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள்.

"இத்தன பேரு வந்துட்டுப் போறாவ. மூணு கையெழுத்துதான் கெடக்கு. மத்தவிய எங்கவே?"

"அவியளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது."

"அப்ப ரேகை வாங்கும்."

நீர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினீர். "நோட்டை நீட்டுனா மொகம் சுருங்கிரும்வே. ஒருக்கா ஒரு அம்மாகிட்ட நீட்டுனேன். 'எதையோ மறந்துட்டு வந்துட்டேன்'னு எழும்பிப் போனா. என்னத்த மறந்தா? ஒண்ணுமில்ல. அதுக்கப்புறம் இங்கன வரவேயில்ல. அதோட விட்டுட்டேன்."

"கம்ப்யூட்டர்ல ஏறாத ஆளு வராத ஆளுதான் வே" என்றேன். நான் சொன்னது பலித்தது. வருகைக் கணக்கு எடுக்கும்போதெல்லாம் உம்ம நூலகம் கடைசி வரியில் நின்றது. சாயங்காலம் வரை ஆள் நிறைந்திருக்கும் அறை, தாளில் காலியாகக் கிடந்தது. அதை நீர் திருத்தவே இல்லை. உம்ம பிடிவாதம் ஊரறிந்தது.

மூன்று நாள் காய்ச்சல் என்றார்கள். நாலாம் நாள் நீர் இல்லை.

காரியம் முடிந்த அடுத்த வாரமே மேலிடத்திலிருந்து எனக்கு உத்தரவு வந்தது. உம்ம நூலகத்தில் வாசகர் வருகை போதாது, எல்லோர் கையிலும் ஃபோன் இருக்கிறது, ஆகவே புத்தகங்களை டவுன் நூலகத்தோடு சேர்த்துவிடலாம். மூன்று மாதத்துக்குள் கட்டி அனுப்பிவிட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும். நான் மறுப்புச் சொல்லவில்லை. சொல்லப்போனால், சரியான முடிவுதான் என்று நினைத்தேன். உமக்கு ஒரு மாலையைப் போட்டுவிட்டு உம்ம நூலகத்துக்குப் பூட்டுப் போட வந்தவன் நான். இதை முதலிலேயே உம்மிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அட்டைப் பெட்டிகளை விரித்து வைத்த முதல் நாளே இசக்கியம்மாள் வாசலில் வந்து நின்றாள். அன்றைக்குப் பூச்சிமருந்து டப்பாவோடு நின்றாளே, அவள்தான். "அண்ணாச்சி இல்லேன்னா கேக்குத எடமும் இல்லையா சார்?" என்றாள். நூலகம் என்ற பெயரே அவர்கள் வாயில் வந்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவர்களுக்கு இது கேக்குத இடம். அவள் கையில் ஒரு கடிதம் இருந்தது. படித்துச் சொன்னேன். மறுநாள் நாலு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் பெட்டி கட்டுவதற்கு எனக்கு நேரமே கிடைக்கவில்லை. பிறகு, கட்டவும் மனமில்லை.

இதைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கே தோன்றிவிட்டது. கூடவே என் பழைய புத்தியும் வேலை செய்தது. ஆள் வருகிறது, தாளில் ஏறவில்லை, ஏற்றினால் தீர்ந்தது. ஒரு ஸ்டாம்ப் பேடு வாங்கி வாசலிலேயே மேஜை போட்டு வைத்தேன். "உள்ள வாரவங்க எல்லாரும் ஒரு ரேகை வச்சிட்டுப் போங்க, ஒங்க நன்மைக்குத்தான்" என்றேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. முதல் நாள் சிலர் வைத்தார்கள். இரண்டாம் நாள் பாதிப் பேர். அந்த வாரக் கடைசியில் வாத்தியாரும் நானும் இரண்டு மின்விசிறியும்தான் இருந்தோம்.

நடவு வேலையாக இருக்கும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அப்போது நடவே இல்லை, வே.

இரண்டு வாரம் கழித்துப் பஸ் நிறுத்தத்தில் இசக்கியம்மாளைப் பார்த்தேன். பக்கத்தில் அவள் புருஷன் கல்லில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. பாதத்தில் துணி சுற்றியிருந்தது. என்னவென்று கேட்டேன். ஃபோனில் ஒரு வீடியோ வந்ததாம். ஏதோ இலைச்சாறு குடித்தால் சுகர் மாத்திரையே வேண்டாம் என்று, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவன் பேசுகிறானாம். இவன் மாத்திரையை நிறுத்தியிருக்கிறான். காலில் பட்ட சின்னக் காயம் ஆறாமல் பெரிசாகிவிட்டது.

"என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே தாயி" என்றேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "ரேசன் கடையில ரேகை வைக்கோம். வேலைக்குப் போற எடத்துல வைக்கோம். எங்களுக்கு எழுதத் தெரியாதுன்னு ஊரு பூரா எழுதி வச்சிருக்கு. அங்கன ஒரு எடத்துலதான் யாரும் கேக்கல. அங்கயும் மைய நீட்டுதிய. எப்படி சார் வர?"

ஆளைப் பதிவேட்டில் ஏற்றாததற்கு உம்ம மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிறுத்தத்தில் வைத்து என் மேலேயே திரும்பியது. நீர் ஒரு முகம் சுருங்கியதைப் பார்த்துத் திருந்தினீர். எனக்கு ஒரு ஆள் கால் புண்ணோடு உட்கார வேண்டியிருந்தது. அவர்களோடு நானும் பஸ் ஏறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அந்த வீடியோவை நர்ஸம்மாவிடம் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார், இந்த வாரத்தில் இது மூன்றாவது ஆளாம். நல்ல காலம், காலுக்கு மோசமில்லை. மறுபடி மாத்திரை, தினம் கட்டு மாற்றல், ஒரு மாதத்தில் அவன் வயலுக்கு இறங்கிவிட்டான். திரும்பி வரும்போது பஸ்ஸில் வைத்தே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடுங்க" என்றாள். மறுநாள் ஸ்டாம்ப் பேடு வாசலில் இல்லை என்பதை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் உள்ளே வந்தாள்.

ஆனால் பூட்டும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. ஒருநாள் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, அன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்று எழுத உட்கார்ந்தேன். பெயர் தெரியவில்லை. என்ன கேட்டார்கள் என்பது மட்டும் ஒன்று விடாமல் ஞாபகம் இருந்தது. அதையே எழுதினேன். மறுநாளும் எழுதினேன். மகன் இருக்கிற தேசத்துல இப்ப மணி என்ன, ஃபோன் போட்டா தூங்கிக்கிட்டிருப்பானா. வாய்க்கால்ல நொரை வருது, பிள்ளைகளைக் குளிக்க விடலாமா. பரீட்சைக்கு ஆன்லைன்ல ஏத்துன போட்டோ ஏன் திரும்பி வந்துச்சு. இந்த ஃபோன்ல பேசுதது அந்த ஆளுதானா, இல்ல மிஷினு அவரு கொரல்ல பேசுதா. ஒவ்வொன்றுக்கும் எதிரே விடை எங்கே கிடைத்தது என்று குறித்தேன். உம்ம அலமாரிப் புத்தகத்தில் கிடைத்தவை சில. இணையத்தில் தேடி, ரெண்டு மூணு இடத்தில் ஒத்துப் பார்த்தவை சில. வேளாண்மை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்டவை சில. எங்குமே கிடைக்காதவையும் உண்டு. என்ன கேட்டார்கள் என்பதற்கும் எங்கே கிடைத்தது என்பதற்கும் கட்டம் உண்டு. கேட்டவர் பெயருக்குக் கட்டமே போடவில்லை.

கடைசி மாதம் அதிகாரி வந்தார். மேடத்துக்கு நம்மைவிட இருபது வயது குறைவு, பேச்சில் கறார். "வருகைப் பதிவேட்டைக் கொடுங்க" என்றார். நான் இந்த நோட்டைக் கொடுத்தேன். "இதுல பேரே இல்லையே?" என்றார். "இல்ல மேடம், கேள்வி இருக்கு" என்றேன். நின்றபடியே புரட்டத் தொடங்கியவர், நாலைந்து பக்கம் தாண்டியதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்போது உள்ளே வந்த இரண்டு பெண்கள் அவரை ஏதோ கேட்க வந்தவர் என்று நினைத்து, தம் முறை வரட்டும் என்று பின்னால் போய் நின்றார்கள். அதை அவர் திரும்பிப் பார்த்தார்.

பிறகு நோட்டை மூடினார். கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தார். "எங்க அம்மா தெனமும் இத எனக்கு அனுப்புதாங்க. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை வேண்டாம்னு சொல்லுத வீடியோ. நான் சொன்னா கேக்க மாட்டேங்காங்க. எனக்கே சரியாத் தெரியல. இது நெசமா சார்?" அதுவரை அலுவலகத் தமிழில் பேசிக்கொண்டிருந்தவர், அம்மா என்று சொன்னதும் நம்ம ஊர்க்காரராகிவிட்டார்.

உத்தரவு இன்னும் ரத்தாகவில்லை. நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நோட்டின் பிரதியை மேலே அனுப்பியிருக்கிறார் மேடம், அதோடு, மற்ற ஊர்ப்புற நூலகங்களிலும் இப்படி எழுதிப் பார்க்கலாம் என்று ஒரு குறிப்பும் போயிருக்கிறது. நான் டவுன் வேலையை விட்டு இங்கேயே மாற்றல் கேட்டு வாங்கிவிட்டேன், என் வீட்டுக்காரி இன்னும் அதற்குத் திட்டுகிறாள். கணினியையும் நான் விடவில்லை வே. கேள்விகளையெல்லாம் அதில் ஏற்றி, பக்கத்து நூலகர்கள் சிலரோடு ஃபோனில் பகிர்ந்துகொள்கிறோம். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிற ஒரு பெண், பாக்கெட் மேலே என்னென்ன அச்சடிக்க வேண்டும் என்று அங்குள்ள நூலகரிடம் கேட்டாள். விடை இங்கிருந்து போனது. என்னுடைய மிஷினும் உம்ம மேஜையும் ஒன்றுக்கொன்று விரோதி இல்லை. இத்தனை வருஷம் டீக்கடையில் சண்டை போட்டோமே தவிர, இரண்டையும் ஒருநாளும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. சேர்த்திருந்தால் நீர் இருக்கும்போதே பார்த்திருக்கலாம். அது ஒன்றுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கு மேடத்துக்கு என்ன பதில் சொன்னேன் என்று சொல்லவில்லையே. முப்பது வருஷம் டவுன் நூலகத்தில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, எதைக் கேட்டாலும் தெரிந்த மாதிரி அலமாரி எண்ணைச் சொல்லி அனுப்பியவன் நான். ஆனால் உம்ம நாற்காலியில் இருந்துகொண்டு அந்த வீடியோவைப் பார்த்தபோது வாயில் வந்தது வேறு. உம்ம வாயிலிருந்து எத்தனையோ தடவை கேட்டு, ஒரு நூலகர் சொல்லுகிற பேச்சா இது என்று கேலி செய்த அதே பேச்சு.

"தெரியாது மேடம். உக்காருங்க, பாப்போம்."

அவர் நாற்காலியை மேஜைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார். பின்னால் நின்ற இருவரும் ஃபோனை எட்டிப் பார்த்தார்கள்.