நாற்பத்தோராவது படி

அன்பு மகளுக்கு,

போன ஞாயிறு காலை ரயிலில் உன் ஊருக்கு வந்திருந்தேன். கிளம்பும்போதே, "கோட்டையைப் பாக்கவா, மகளைப் பாக்கவா?" என்று உன் அம்மா மடக்கினாள்.

நீ கோட்டையைச் சுற்றிக்காட்டிய கூட்டத்தின் கடைசியில், தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு நடந்தேன். எண்ணூறு வருஷத்து மதிலை நேற்றுக் கட்டியதுபோல் சொன்னாய். காவல் கோபுரத்துக்கு மட்டும் நாற்பது படி என்றாய். நாற்பத்தொன்று. சர்வேயர் புத்தி, எண்ணிவிட்டேன்.

"பின்னாடி நிக்கிற பெரியவரே, கேக்குதா?" என்றாய். வாய் திறந்தால் தெரிந்துவிடும் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

உன் கல்யாணத்துக்கு வராதவன், எந்த முகத்தோடு வீட்டுக் கதவைத் தட்டுவது? மூன்று மணி ரயிலில் திரும்பிவிட்டேன்.

வருகிற ஞாயிறு வீட்டுக்கு வரலாமா? மாப்பிள்ளையிடமும் கேட்டு எழுது.

உன் அப்பா